சொந்த வாயால்

என் நாத்தனாரின் கணவருக்கு எங்கள் சலவை ஆலையில் ரேடியோ என்று பெயர். ஓயாமல் பேசுவார் என்பதற்காக வைத்த பெயர் இல்லை. ரேடியோ பேசினால் நாம் கேட்டுக்கொள்ளலாம், நாம் பேசினால் அதற்குக் கேட்காது. அதற்காக வைத்தது. வைத்தது யார் என்று விசாரித்தால் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். எனக்கு அவர் அண்ணன் முறை என்பதால் நான் மட்டும் அண்ணா என்று கூப்பிடுவேன்.

ஆலையில் மேனேஜரும் அவருக்கு மேலே உள்ளவர்களும் பேசுவது கன்டோனீஸ் என்கிற சீன மொழி. வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். நடுவில் அண்ணன். அவருடைய வேலை துவைக்கும் பிரிவில்தான், ஆனால் எந்தப் பிரிவில் என்ன சொல்ல வேண்டியிருந்தாலும் ஆள் அனுப்பி அவரைத்தான் கூப்பிடுவார்கள். லீவு வேண்டுமா, இடுப்பு பிடித்துக்கொண்டதா, பக்கத்தில் நிற்பவள் சண்டைக்கு வருகிறாளா, எதுவானாலும் அண்ணனிடம் தமிழில் சொல்ல வேண்டும். அவர் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இங்கிருந்து கிளம்பிய சொல்லும் அங்கே போய்ச் சேர்ந்த சொல்லும் ஒன்றுதானா என்று பார்க்க எங்களில் யாருக்கும் வழியில்லை. எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எல்லாரும் இதைத்தான் எடுத்து எடுத்துச் சொல்லப்போகிறார்கள்.

என் இடம் இஸ்திரி ரோலர். ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள் துவைத்துப் பிழிந்து, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு டிராலியில் எங்களிடம் வரும். அவற்றை உதறிப் பிரித்து, ஓரம் கண்டுபிடித்து, இரண்டு பேர் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் ரோலரின் பட்டைமேல் வைக்க வேண்டும். ஒருத்தி முந்தினாலும் விரிப்பு கோணலாக உள்ளே போய், அழியாத மடிப்போடு வெளியே வரும். பிறகு அதை மறுபடி நனைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ரோலரின் அந்தப் பக்கம் வேறு இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள்.

பழைய சூப்பர்வைசர் முழங்கால் வலி தாங்காமல் வேலையை விட்டுப் போன பிறகு அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. வேலை காலியாக இருக்கவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஹோட்டல் விரிப்பை முதலில் ஏற்றுவது, தடித்த துணி வந்தால் ரோலரை எவ்வளவு மெதுவாக ஓட விடுவது, தோள் வலி என்று முகம் சுளிப்பவளை எப்போது மடிக்கும் பக்கம் மாற்றுவது, எல்லாம். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை; செய்யாதே என்றும் சொல்லவில்லை. சமையல்கட்டில் மருமகள் வேலை மாதிரி அது பாட்டுக்கு என் தலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

இஸ்திரிப் பிரிவுக்கு யார் சூப்பர்வைசர் என்பதை வருடக் கடைசிக் கூட்டத்தில் அறிவிப்பார்கள் என்று தெரிந்ததும் நான் அண்ணனிடம் போனேன். எனக்காக மேனேஜரிடம் கேளுங்கள் என்று சொன்னேன். கேட்காமல் இருப்பேனா, நீ என்ன அந்நியமா என்றார். அதை நம்பிக்கொண்டு விரிப்பை உதறிக்கொண்டிருந்தேன்.

உண்மை அவருடைய வாயிலிருந்து வரவில்லை. நாத்தனார் வாயிலிருந்து வந்தது. விடுமுறை நாளில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே அண்ணி சொன்னார்: "உங்க அண்ணனுக்குத்தான் அந்த சூப்பர்வைசர் வேலை வரப்போகுதாம். இப்பவே யார்கிட்டயும் சொல்லிக்காதே. ஒண்ணுதான், ரோலர்ல அவருக்குப் பழக்கம் கிடையாது. நீதான் கூட இருக்கியே, பக்கத்துல நின்னு கொஞ்சம் சொல்லிக் குடுத்துடு."

அண்ணி மனதில் கள்ளம் எதுவும் இல்லை. எனக்கு அது ஒரு மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் பக்கத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றுவதிலேயே கவனமாக இருந்தார். அக்கா வீட்டு விஷயம் என்றால் அவருக்குச் செருப்பு கழல நேரமாகும்.

"அத்தான் இல்லேன்னா உனக்கு அங்க வேலை ஏது?" என்றார் கடைசியில்.

"வேலை வாங்கிக் குடுத்தாரு, சரி. என் வாயையும் சேத்தா வாங்கிக்கிட்டாரு?"

"அப்போ நீயே நேராப் போய்க் கேளு. எந்த பாஷையில கேப்ப?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் நான் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு அந்தப் பழக்கம் போகாது. கேள்வி என்று ஒன்று கேட்டால் விடை எழுதாமல் தாளைக் கொடுக்கக் கூடாது.

முதலில், எனக்கு ஏற்கெனவே என்னென்ன கன்டோனீஸ் தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். ஃபாய் டி, சீக்கிரம். சப், ஈரம். ம் டக், முடியாது, கூடாது. ஹோய் சம், சந்தோஷம். இந்தக் கடைசிச் சொல் எப்படி வந்ததென்றால், கூட்டங்களில் அண்ணன் எங்களைக் காட்டி அடிக்கடி சொல்லுவார். அப்புறம் இது, அது, அங்கே, இங்கே, மறுபடி, நிறுத்து. எல்லாமே என்னைப் பார்த்துச் சொல்லப்பட்ட சொற்கள். நான் இன்னொருவரைப் பார்த்துச் சொல்லக்கூடிய சொல் அதில் ஒன்றும் இல்லை. இத்தனை காலம் இந்த மொழிக்குள்தான் வேலை பார்த்தேன், ஆனால் வேலைக்காரிக்கு எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் அளந்து போட்டிருக்கிறார்கள்.

போனில் மொழி கற்றுத்தரும் பாடங்களைத் தேடியபோது சந்தையில் காய் வாங்குவது, வழி கேட்பது, உடம்பு சரியில்லை என்பது என்று வரிசையாக இருந்தன. அவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டே போனால் அடியில் ஒரு பாடம்: வெற்றியும் முன்னேற்றமும் பற்றிப் பேசுவதற்கான சொற்கள். சுற்றுலாவுக்கு வந்தவன் அதைத் தொட மாட்டான். நான் அதிலிருந்து தொடங்கினேன்.

சிங் ஜிக் என்றால் பதவி உயர்வு. சிங் கூங் என்றால் வெற்றி. சிங் இரண்டிலும் வருகிறது, ஆனால் முதலாவதை மாடியில் நின்று சொல்ல வேண்டும், இரண்டாவதைப் படியிறங்கிக்கொண்டே சொல்ல வேண்டும். ஜொன் போ என்றால் முன்னேற்றம். லெக் என்றால் கெட்டிக்காரத்தனம். சொட் தௌ என்றால் தலை வெளியே வருவது, அதாவது கஷ்டத்திலிருந்து ஒரு வழியாக மேலே வந்துவிடுவது. தமிழ் எழுத்தில் சின்னச் சின்னத் தாளில் எழுதி, குரல் ஏறுகிற இடத்தில் மேல்நோக்கி ஒரு அம்பும் இறங்குகிற இடத்தில் கீழ்நோக்கி ஒரு அம்பும் போட்டு, சமையல் அலமாரியில் ஒட்டினேன். எளிய சொற்கள் கீழ்த்தட்டில், கஷ்டமானவை மேல்தட்டில். உச்சியில் டப்பாக்களுக்கு மேலே போ போ கோ சிங் என்று ஒன்று. கூட்டங்களில் வரிசையோடு வரிசையாக நானும் பொருள் தெரியாமல் முணுமுணுத்ததுதான்; படிப்படியாக உயரட்டும் என்று அர்த்தமாம்.

கணவர் டப்பாவை எடுக்க வந்து நின்று படித்தார். "போ போன்னு ஒட்டியிருக்கியே, யாரை வீட்டை விட்டுப் போகச் சொல்ற?"

"படிக்காம கேலி பண்றவங்களை."

அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் தாளைக் கிழிக்கவில்லை. அந்த வாரம் எண்ணெய் தெறித்து ஒரு தாளின் அம்பு அழிந்திருந்தது. யாரோ அதன்மேல் புதிதாக அம்பு வரைந்திருந்தார்கள். வீட்டில் இருப்பது நாங்கள் இருவர்தான்.

சொற்கள் வாயில் நுழைவது பெரிய கஷ்டமாக இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. பாடத்தில் ஒரு பெண் குரல், நான் கெட்டிக்காரி, நான் முன்னேறியிருக்கிறேன், எனக்குப் பதவி உயர்வு வேண்டும் என்று சொல்லிவிட்டு, நாம் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருக்கும். எனக்கு வாய் வராது. அர்த்தத்தை மனதில் ஏற்றிக்கொண்டால் வரும் என்று நினைத்து, முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தேன். நான் கெட்டிக்காரி. அடுப்படியில் யாரும் இல்லை, இருந்தும் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது, இதை நான் தமிழிலும் இதுவரை சொன்னதில்லை. எப்படி இருக்கிறாய் என்றால் ஏதோ இருக்கிறேன் என்போம். புதுப் புடவையா என்றால் பழசுதான் என்போம். பையன் முதல் மார்க் வாங்கினாலும் ஏதோ கடவுள் புண்ணியத்தில் என்போம். கண் பட்டுவிடும் என்று பயந்து பயந்து, நன்றாக இருக்கிறேன் என்பதையே ஒரு குற்றம் மாதிரி மறைத்து வைத்திருக்கிறோம். ஆக எனக்கு ஒரு மொழியில் இல்லை, இரண்டு மொழியில் பாடம் இருந்தது.

அந்த மொழியில் நான் என்பதற்கு ஙோ என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ங, ஙா, ஙி என்று பக்கம் பக்கமாக எழுத வைத்தார்கள். எழுதிய கைதான் வலித்ததே தவிர, அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கடைசியில் அது இங்கே வந்து நான் என்ற சொல்லுக்கு முதல் எழுத்தாக நின்றது. எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஙோ, ஙோ, ஙோ என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னேன்.

ரோலரில் என் விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவளை நான் எதிர்முனை என்று மனதுக்குள் பெயர் வைத்திருந்தேன். கன்டோனீஸ்காரி, கிட்டத்தட்ட என் வயது. நாள் முழுக்க ஒரே துணியை இருவரும் பிடித்து நிற்போம். கண்ணால் பேசிக்கொள்வோமே தவிர வாயால் பேசியதில்லை. பாடத்தை அவளிடம் சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். உச்சித் தாளில் இருந்ததையே எடுத்தேன். விரிப்பைப் பிடித்தபடி என்னை நானே சுட்டிக்காட்டி, "போ போ கோ சிங்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் அவள் பக்கத்து முனை முந்திக்கொண்டு உள்ளே போய், விரிப்பு குடை மாதிரி சுருட்டிக்கொண்டு வெளியே வந்தது. ரோலரை நிறுத்திவிட்டு அவள் எனக்கு விளக்கினாள். என்னைக் காட்டி அந்த நான்கு சொல்லையும் சொன்னாள், பிறகு கையைக் கூப்பி அசைத்தாள். தன்னைக் காட்டி அதையே சொல்லப் போகிறவள் போல வாயெடுத்து, வேண்டாம் என்று விரலை ஆட்டினாள். புரிந்துவிட்டது. அது அடுத்தவரை வாழ்த்துவது. தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில்லை. நம் ஊரில் ஒருத்தி தன் தலையில் தானே கைவைத்து, நல்லா இரும்மா என்று சொல்லிக்கொண்ட மாதிரி ஆகியிருக்கிறது.

எனக்காக என்றால் எப்படிச் சொல்வது என்று சைகையில் கேட்டேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். பழைய சூப்பர்வைசரின் காலி நாற்காலியைக் கண்ணால் காட்டினாள். நான் தலையாட்டினேன். "ஙோ சொங் சிங் ஜிக்" என்று மெதுவாகச் சொன்னாள். நான் பதவி உயர்வு விரும்புகிறேன். அதன்பின் பாடத்தில் இல்லாத ஒன்றையும் கொடுத்தாள்: "ஙோ டோ டக்." என்னாலும் முடியும். ம் டக் என்று இத்தனை காலம் கேட்டுக்கேட்டுக் காது புளித்திருந்த எனக்கு, அதிலிருந்து அந்த ம் என்பதை உருவி எறிந்துவிட்டால் முடியும் என்று ஆகிவிடும் என்பது அதுவரை தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து விரிப்புக்கு ஒரு சொல். அவள் ஒரு முனையில் சொல்லுவாள், நான் மறுமுனையில் திருப்பிச் சொல்லுவேன், விரிப்பு உள்ளே போகும். மெதுவாகப் பேசுங்கள், ஏன், இப்போது, நான் சொல்லவில்லை. இவையெல்லாம் நானாகக் கேட்டு வாங்கியவை. வழக்குக்குப் போகிறவன் சாட்சி சேர்ப்பது மாதிரி சேர்த்தேன்.

ஆலையில் எதுவும் மறையாது. அண்ணன்தான் எங்களை வேனில் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். ஒரு நாள் திரும்பும்போது கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "என்னம்மா, டீச்சர் வேலைக்குப் போகப் போறியாமே?" என்றார். வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டா தப்பா, அண்ணா?"

"தப்புன்னு யாரு சொன்னா? அரைகுறையாப் பேசினா அவங்க சிரிப்பாங்க. நான் சொன்னா மரியாதையாப் போய்ச் சேரும்."

"சிரிக்கட்டும்."

முன்பு ஒருத்தி தனக்கு இது வேண்டும் அது வேண்டும் என்று நேராகப் போய் நின்றதையும், அந்தப் பருவம் முடிவதற்குள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டதையும் அவர் எடுத்துச் சொன்னார். உங்களையெல்லாம் அப்படி ஆகாமல் காப்பாற்றி வைத்திருப்பது யார் என்று நினைக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டார். வேனில் யாரும் சிரிக்கவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. பயத்தைத்தான் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அதே பயம் அவர் தனக்காகக் கேட்கும்போது மட்டும் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. அதை எங்கே கேட்க வேண்டுமோ அங்கே கேட்கலாம் என்று விட்டுவிட்டேன்.

கூட்டம் மடிக்கும் கூடத்தில் நடந்தது. மேசைகளைச் சுவரோரம் தள்ளி, டிராலிகளை வெளியே உருட்டிவிட்டு, எல்லாரும் நின்றோம். ஆலையின் வழக்கம் ஒன்று உண்டு. மேலே போகிறவரின் பெயரை மேனேஜர் சொன்னதும், மற்றவர்கள் வரிசையாகப் போய் அவர் கையைப் பிடித்து போ போ கோ சிங் என்று வாழ்த்த வேண்டும். தமிழர்களுக்கும் அந்த நான்கு சொல் மட்டும் தெரியும், அர்த்தம் தெரியாவிட்டாலும். வரிசை முடிந்தால் விஷயமும் முடிந்தது என்று அர்த்தம்.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இஸ்திரிப் பிரிவுக்கு என்று ஆரம்பித்து அண்ணனின் பெயரைச் சொன்னார். கை தட்டினார்கள். வரிசை கிளம்பியது. எனக்கு முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அண்ணன் ஒவ்வொரு தடவையும் தலையைத் தாழ்த்தி, எல்லாம் உங்கள் ஆதரவு என்றார். நான் அவர் முன்னால் வந்தேன். அவர் கையை நீட்டினார்.

நான் கையைப் பிடிக்காமல் மேனேஜர் பக்கம் திரும்பினேன்.

"ஙோ சொங் சிங் ஜிக்" என்றேன். குரல் எங்கே ஏற வேண்டுமோ அங்கே ஏறியது. "ஙோ டோ டக்."

கூடத்தில் ரோலர் நின்றிருந்ததால் சத்தமே இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார், பிறகு வழக்கப்படி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே வேகமாக என்னவோ சொன்னார். அதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் நடுவில் ஹோய் சம் என்று வந்தது. நான் சந்தோஷப்படுகிறேனாம்.

"ம் ஹாய்" என்றேன். இல்லை. "ம் ஹாய் ஙோ கோங் கே." அது நான் சொன்னது இல்லை.

அண்ணன் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு, "பேசாம இரும்மா. எல்லாரும் பாக்குறாங்க" என்றார்.

"பாக்கத்தான் அண்ணா சொல்றேன்." மேனேஜரிடம் மறுபடி திரும்பினேன். "யி கா ஙோ கோங்." இப்போது நான் பேசுகிறேன்.

வரிசையின் பின்னாலிருந்து எதிர்முனை இரண்டே இரண்டு சொல் கொடுத்தாள். "கொய் டக்." அவளால் முடியும். அதை அவள் யாரிடமும் அனுமதி கேட்டுச் சொல்லவில்லை.

மேனேஜர் தன் அறையைக் காட்டினார். நான் நடந்தேன். அண்ணனும் பழக்கத்தில் கூடவே நடந்து வந்தார். நான் உள்ளே போனதும் மேனேஜர் அவருக்கு முன்னால் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தும் சத்தம் எனக்குப் பயமாகவும் இருந்தது. இனி என் சொற்கள் தீர்ந்துபோனால் கடன் கொடுக்க யாரும் இல்லை.

மேனேஜர் ஏதோ நீளமாகச் சொன்னார். "மான் மான் கோங்" என்றேன். மெதுவாகப் பேசுங்கள். அந்த அறையில் அவரிடம் அப்படிச் சொன்னவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். கொஞ்சம் விழித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். கையையும் சேர்த்துக்கொண்டார். எனக்குப் பிடிபட்டது இது: ஒவ்வொரு வருடமும் உன்னைப் பற்றி அவரிடம் கேட்டேன். வேண்டாம், வீட்டு வேலை இருக்கிறது, இருக்கிற இடமே போதும், அவளுக்குச் சந்தோஷம் என்றுதான் பதில் வந்தது. சந்தோஷம் என்பதற்கு அவரும் அதே ஹோய் சம் என்றுதான் சொன்னார். இத்தனை வருடமாக நான் ஆலையில் வெகு சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

நான் சொல்லவில்லை என்று மறுபடி சொன்னேன். அவர் யோசித்தார். பிறகு அண்ணன் நின்றிருந்த கதவையும் என்னையும் மாறி மாறிக் காட்டி ஒரு ஏற்பாடு சொன்னார். அவர் சூப்பர்வைசர், நீ அவருக்கு உதவி. வேலை நீ, பேச்சு அவர்.

அது நல்ல ஏற்பாடுதான் என்று வீட்டில் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். யாருக்கும் மனவருத்தம் இல்லை, உறவும் கெடாது. எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. தலையாட்டிப் பழகிய கழுத்து தானாக ஆட ஆரம்பித்தது. நான் அதை நிறுத்தினேன்.

"ம் டக்" என்றேன்.

அவ்வளவு நாள் என்னைப் பார்த்துச் சொன்ன சொல்லை முதல் தடவையாக நான் திருப்பி வைத்தேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வரும் என்று நினைத்தேன், வந்தது சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை. விரலால் மேசையைத் தட்டியபடி, நாளைக் காலை, நீ, தனியாக என்று சொன்னார். காலையில் யார் எங்கே நிற்பது, எது முதலில் என்று சொல்லும் வேலையை நானே செய்ய வேண்டும், கன்டோனீஸ் பேசுகிறவர்கள் உட்பட எல்லாருக்கும். நடுவில் யாரும் இருக்கக் கூடாது. ஆட்களுக்குப் புரிந்தால் சரி, இல்லையென்றால் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், முன்னேற்றம் பற்றிய என் தாள்கள் எதுவும் இதற்கு உதவாது என்று தெரிந்தது. சிங் கூங் என்று சொல்லி யாரையும் ரோலர் முன்னால் நிறுத்த முடியாது. அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கணவர் வந்து பக்கத்தில் நின்றார். அண்ணி அதற்குள் அவரை அழைத்துப் பேசியிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"அக்கா அழுவுறா" என்றார்.

"தெரியும்."

ஒரு வெற்றுத் தாளை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு என்ன வார்த்தை வேணும்?" என்றார்.

இங்கே, அங்கே, இது, அது, ஈரம், மறுபடி, நிறுத்து என்று சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இவை எல்லாம் எனக்குத் தெரியும். காலங்காலமாக என்மேல் எறிந்த சொற்கள்தான் இவை. ஒன்றுவிடாமல் என்னிடமே கிடக்கின்றன. புதிதாக எதுவும் படிக்க வேண்டியதில்லை. திசையை மட்டும் மாற்ற வேண்டும்.

காலையில் எல்லாரும் ரோலர் முன்னால் வந்து நின்றார்கள். மேனேஜர் கடைசியில் சுவரில் சாய்ந்து நின்றார். துவைக்கும் பிரிவின் வாசலில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஆரம்பித்தேன். நீ இங்கே. நீங்கள் இருவரும் அங்கே. இது ஈரம், அது முதலில். தோள் வலிக்காரியை மடிக்கும் பக்கம் அனுப்பினேன். ஒரு இடத்தில் சொல் வராமல் தடுமாறியபோது அங்கே இருந்த ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, விரிப்பைத் தூக்கிக் காட்டி மறுபடி சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். ரோலர் ஓடத் தொடங்கியது. முதல் விரிப்பு மடிப்பில்லாமல் அந்தப் பக்கம் இறங்கியது.

என்னிடம் இருந்த சொற்களில் ஒன்றை மட்டும் நான் பயன்படுத்தவில்லை. ஃபாய் டி. சீக்கிரம் என்று அன்று யாருக்கும் சொல்லவில்லை. யாரும் மெதுவாகவும் செய்யவில்லை.

தேநீர் இடைவேளையில் மேனேஜர் ரோலரை நிறுத்தச் சொல்லி, நேற்றுச் சொன்ன பெயரை எடுத்துவிட்டு என் பெயரைச் சொன்னார். காரணம் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் துவைக்கும் பிரிவிலேயே இருப்பார்; இனிமேல் இஸ்திரிப் பிரிவு ஆட்களின் பேச்சு நேராக என்னிடம் வரும். மறுபடி வரிசை கிளம்பியது. இந்தத் தடவை கை என்னுடையது.

எதிர்முனை முதலில் வந்து, போ போ கோ சிங் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு விரலை ஆட்டிய மாதிரியே ஆட்டிக் காட்டினாள். இப்போது சரியான ஆள் சொல்கிறாள் என்று அர்த்தம். தோள் வலிக்காரி வந்து கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "அக்கா, இனிமே எனக்கும் நீங்களே மேனேஜர்கிட்ட பேசிடுங்க" என்றாள்.

"மாட்டேன். நீயே பேசு. வார்த்தை நான் தர்றேன்."

அவள் முகம் கொஞ்சம் வாடியது. வாடினாலும் பரவாயில்லை. ஒரு ரேடியோவை அணைத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை வைப்பதற்காக நான் இவ்வளவும் செய்யவில்லை.

வரிசையின் கடைசியில் அண்ணன் வந்தார். வராமல் இருந்திருக்கலாம், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்தார். கையை நீட்டினேன். பிடித்தார். வாழ்த்தைக் கன்டோனீஸில் சொன்னார், சுத்தமாக, ஒவ்வொரு குரலும் அதன் இடத்தில். பிறகு தமிழில், மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்: "ஏறிட்டியேம்மா. நான் வாங்கிக் குடுத்த வேலையில நின்னு என் தலைக்கு மேல ஏறிட்ட."

இதற்கு எங்கள் வழக்கப்படி ஒரு பதில் இருக்கிறது. எல்லாம் நீங்க போட்ட பிச்சை, அண்ணா. நான் எங்க ஏறினேன், ஏதோ உங்க ஆசீர்வாதம். அந்த வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. பிறந்ததிலிருந்து அது அங்கேதான் குடியிருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் அவர் முகம் தெளிந்திருக்கும், சாயங்காலம் வேனில் என் இடமும் இருந்திருக்கும்.

"ஆமா அண்ணா" என்றேன். "ஏறிட்டேன். நான்தான் ஏறினேன்."

கையை அவர்தான் முதலில் விட்டார்.

அன்று சாயங்காலம் வேன் எனக்காக நிற்கவில்லை. பஸ்ஸில் போனேன். உட்கார இடம் கிடைத்ததும் போனை எடுத்துப் பாடத்தின் அடுத்த பகுதியைத் திறந்தேன். அந்தப் பெண் குரல் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் காத்திருந்தது. நான் திருப்பிச் சொன்னேன், வாய்க்குள் முணுமுணுக்காமல், நன்றாகக் கேட்கும்படி. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று மறுபடி சொன்னேன்.